நிலையான வளர்ச்சியை அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. ‘நிலையான வளர்ச்சி’ என்றதும் ஆண்டுதோறும் இறங்காமல் ஏறும் ஜிடிபி என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. 1987இல் ஐ.நா. அமைத்த ப்ருண்ட்லேண்ட் ஆணையம் தன் அறிக்கையில் சொன்னது வேறு: இன்றைய தலைமுறை தன் தேவைகளைத் தீர்த்துக்கொள்ளலாம், ஆனால் வரும் தலைமுறை தன் தேவைகளைத் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுக்கக் கூடாது. பேரப்பிள்ளைகள் பற்றிய பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இன்றைய ஏழைகளின் தேவைக்கே முதலிடம் என்று அறிக்கை அதையொட்டியே சொல்வது மட்டும் வசதியாக விட்டுப்போகிறது.

சரி, அளவுக்கு வருவோம். பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டு எண்களை ஒப்பிட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் உலக மக்களில் 91 சதவீதம் பேருக்கு ‘மேம்பட்ட’ குடிநீர் ஆதாரம் இருந்தது என்றது ஐ.நா. கணக்கு. அதே 2015க்கு, ஐ.நா.வின் 17 நிலையான வளர்ச்சி இலக்குகளுக்கான புதிய வரையறைப்படி எண்ணியபோது 71 சதவீதம்தான் வந்தது. யார் வீட்டுக் குழாயையும் யாரும் பிடுங்கவில்லை. பழைய கணக்குக்குத் தெருமுனையில் ஓர் அடிபம்பு இருந்தால் போதும். புதிய கணக்கிலோ, தண்ணீர் வீட்டு வளாகத்துக்குள்ளேயே வர வேண்டும், வேண்டும்போது கிடைக்க வேண்டும், மலக்கிருமி, ஆர்சனிக், ஃபுளோரைடு கலப்பும் இருக்கக் கூடாது. இது தெரியாமல் இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்தால், உலகமே பின்னோக்கிப் போன மாதிரி படம் வரும்.

தரவரிசைப் பட்டியலிலும் கவனம் வேண்டும். மனித வளர்ச்சிக் குறியீடு பார்ப்பது ஆயுள், கல்வி, வருமானம் மூன்றைத்தான்; புகைக்கு அங்கே இடமில்லை. 2020இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் தலைக்கு எவ்வளவு கார்பன் உமிழ்வு, எவ்வளவு பொருள் நுகர்வு என்பதையும் சேர்த்துப் பார்த்தது. முதலிடத்தில் இருந்த நார்வே 15 இடம் இறங்கியது.

அப்புறம், இயற்கையை விற்றுப் பணமாக்கினால் மொத்தச் சொத்து குறையவில்லையே என்ற வாதம். பசிபிக் தீவான நவூரு பாஸ்பேட்டை வெட்டி விற்று, ஒரு காலத்தில் தலா வருமானத்தில் உலகப் பணக்கார நாடுகளோடு நின்றது. எதிர்காலத்துக்கென்று பணத்தை ஒரு நிதியத்திலும் போட்டார்கள். ஏட்டில் கணக்கு நேராகத்தான் இருந்தது. தவறான முதலீடுகளில் அந்தப் பணம் கரைந்தது. தீவின் நடுப்பகுதியில் இன்று விதைக்க மண் இல்லை. கூர்கூராகச் சுண்ணாம்புப் பாறைகள்தான் நிற்கின்றன.