போவா வளர்ப்பு: கூண்டு முதல் குட்டி வரை

"உங்க போவா எப்ப முட்டை போடும்?" இதைக் கேட்காத விருந்தாளியே கிடையாது. போடாது. முட்டையிட்டுச் சுற்றிப் படுத்து அடைகாப்பது மலைப்பாம்பு. போவாவும் இரையைச் சுற்றி இறுக்கும் பாம்புதான், ஆனால் அது நேரடியாகக் குட்டி போடும். அதனால் முட்டையை வைக்க இன்குபேட்டர் தேடி அலைய வேண்டாம். தாயின் உடம்புதான் இன்குபேட்டர். அந்த உடம்பைத் தேற்ற மூன்று நான்கு வருடம் ஆகும். அவசரக்காரர்களுக்கு இந்தப் பாம்பு ஒத்துவராது.

படி 1: வாங்கும் முன்

செல்லப்பிராணியாக அதிகம் வளர்க்கப்படுவது போவா இம்பரேட்டர் என்ற இனம். பெண் சாதாரணமாக 6 முதல் 8 அடி வரை வளரும், ஆண் அதைவிடச் சிறியது. 20 வருடம் சர்வசாதாரணமாக வாழும், 30ஐத் தொடுவதும் உண்டு. காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2ஆம் பட்டியலில் போவாக்கள் இருக்கின்றன, அர்ஜென்டினா போவா அதைவிடக் கடுமையான 1ஆம் பட்டியலில். ஆகவே உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள். வளர்ப்பில் பிறந்த குட்டியை, உரிய ஆவணத்தோடு வாங்குங்கள்.

கையில் எடுத்தால் நல்ல குட்டி விரலை இறுக்கிச் சுற்றும். மூக்கில் சளிக்குமிழி இருந்தாலோ, கண்ணோரத்தில் மிளகுப்பொடி தூவியதுபோல் செள் தெரிந்தாலோ வேண்டாம். தலையை அண்ணாந்தபடியே வைத்திருக்கும் பாம்பும் வேண்டாம். அது ஐபிடி என்ற வைரஸ் நோயின் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு மருந்து இல்லை. வீட்டில் ஏற்கெனவே பாம்பு இருந்தால் புதியதை 90 நாள் தனி அறையில் வையுங்கள்.

படி 2: கூண்டு

வளர்ந்த பாம்புக்கு 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். குட்டியைச் சின்னப் பெட்டியில் தொடங்கலாம். ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 முதல் 27. சூடு வேண்டும்போது அங்கே போகும், போதும் என்றால் இங்கே வரும். ஹீட்டர் எதுவானாலும், சூடு எல்லை தாண்டாமல் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டாதீர்கள். பாம்பு சூட்டை உணர்ந்து விலகுவதற்குள் வயிறு வெந்துவிடும்.

இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஒளிவிடம். சுருண்டு படுத்தால் சுவர் உடம்பில் உரச வேண்டும், அவ்வளவு குறுகலாக. ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி. கண் நீலம் பூத்துச் சட்டை உரிக்கப்போகும் நாட்களில் கொஞ்சம் கூட்டுங்கள். தரையில் தேங்காய் நார்த்தூள் போதும், தேவதாரு மரத்தூள் கூடாது. கதவுக்குப் பூட்டு. ராத்திரி முழுக்க மூக்கால் முட்டிப் பார்க்கும்.

படி 3: தீனி

நான் சறுக்கிய இடம் இது. ஒரு வயதுப் பாம்பு பசியாக இருக்கிறதே என்று பெரிய எலியைக் கொடுத்தேன். மறுநாளே கையில் எடுத்துக் கொஞ்சினேன். சாயங்காலம் கூண்டைத் திறந்தால் பாதி கரைந்த எலி, குடலைப் புரட்டும் நாற்றம். பதறிப்போய் உடனே இன்னொன்று கொடுத்தேன், அதுவும் வெளியே வந்தது. கக்கிய பாம்பை இரண்டு வாரம் பட்டினி போட்டு, பிறகு பாதி அளவு இரை தர வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இரையின் பருமன் பாம்பின் உடம்பில் தடித்த இடத்தைத் தாண்டக்கூடாது. குட்டிக்கு 10 நாளைக்கு ஒருமுறை, வளர்ந்ததற்கு 3 முதல் 5 வாரத்துக்கு ஒருமுறை. உறைய வைத்த எலியைக் கரைத்து, வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டுங்கள். உயிரோடு விட்டால் எலி திருப்பிக் கடிக்கும். நாக்கு மெதுவாகும், கழுத்து எஸ் போல மடியும், அப்புறம் கண் இமைப்பதற்குள் சுற்றிவிடும். இரை மூச்சுமுட்டிச் சாகிறது என்றே வெகுகாலம் நம்பினோம். ரத்த ஓட்டமே நின்றுபோகிறது என்று 2015இல் அளந்து காட்டினார்கள். தின்ற பின் 2 நாளாவது தொடாதீர்கள். 6 அடி தாண்டிய பாம்பைத் தனியாளாகக் கையாள வேண்டாம், பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும்.

படி 4: இணை சேர்த்தல்

குட்டிகளுக்கு இடமும், வாங்கிக்கொள்ள ஆளும் உண்டா? இல்லையென்றால் இந்தப் படியைத் தொடாதீர்கள். ஒரு ஈற்றில் 20க்கு மேல் பிறப்பது சகஜம், ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா வேண்டும்.

பெண்ணுக்கு 4 வயதும் நல்ல சதைப்பிடிப்பும் வேண்டும், கொழுப்பு அல்ல. ஆணுக்கு 2 வயதுக்கு மேல். கழிவுத்துளையின் இருபுறமும் குட்டி நகம்போல் இருப்பது பழைய பின்னங்கால்களின் மிச்சம். ஆணுக்குப் பெரிதாக இருக்கும். இரவு வெப்பத்தை இரண்டு மாதம் 22, 23 டிகிரிக்குக் குறைத்து, பகலில் வழக்கம்போல் விட்டு, ஆணைப் பெண்ணின் கூண்டில் விடுங்கள். அந்த நகத்தால் அவள் முதுகைச் சுரண்டுவான், வால்கள் பின்னிக்கொள்ளும், மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். கதவைத் திறந்து எட்டிப்பார்க்காதீர்கள்.

ஒருநாள் பெண்ணின் நடு உடம்பு பெரிய எலியை விழுங்கியதுபோல் வீங்கும், ஒரு நாளில் வடிந்துவிடும். கருமுட்டை வெளியான அடையாளம் அது. இரண்டு மூன்று வாரத்தில் சட்டை உரிக்கும். அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அதிலிருந்து 100 முதல் 120 நாளில் குட்டிகள். சூடான மூலையைவிட்டு நகரமாட்டாள், சிலசமயம் மல்லாந்துகூடக் கிடப்பாள். தின்னாவிட்டாலும் வற்புறுத்தாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை: ஆணின் பங்கே இல்லாமல் பெண் போவா இரண்டு ஈற்று குட்டி போட்டதை 2010இல் மரபணுச் சோதனையில் உறுதிசெய்தார்கள். அத்தனையும் பெண்கள்.

படி 5: குட்டிகள்

பெரும்பாலும் இரவில் பிறக்கும். மெல்லிய சவ்வுக்குள் சுருண்டபடி வந்து, தாமே கிழித்துக்கொண்டு தலை நீட்டும். நடுவே மஞ்சள் கட்டிகள் கிடந்தால் அவை கருவுறாதவை, அள்ளிப் போடுங்கள். தொப்புளில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், தானாகக் காய்ந்து விழும். குட்டி ஒன்றரை அடி இருக்கும். ஈரக் காகிதத்துண்டு விரித்த டப்பாவில் தனித்தனியாக வையுங்கள்.

ஒன்று, இரண்டு வாரத்தில் முதல் சட்டை உரிக்கும். அதுவரை தீனி வேண்டாம். பிறகு முடி முளைத்த சுண்டெலிக்குஞ்சு. ஒன்றிரண்டு தின்னாமல் முறைக்கும். டப்பாவைத் துணியால் மூடி, குஞ்சை உள்ளே வைத்துவிட்டு, விடியும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். காலையிலும் குஞ்சு அப்படியே கிடந்தால் எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி வையுங்கள்.