முஸ்லிம் ராப் கேக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

மொதல்ல ஒண்ணு, ஆல்பம் பேர பாத்து முடிவு பண்ணாதீங்க. பிரான்ஸ்ல லெ ஆவ்ர் துறைமுக ஊர்க்காரர் ராப்பர் மெதின், அல்ஜீரிய வம்சாவளி, 2005ல விட்ட ஆல்பம் பேரு ஜிஹாத். பேரோட மிச்சம் என்னன்னா, பெரிய போராட்டம் நம்மகூட நாமளே நடத்துறதுதான்னு வரும். அந்த மிச்சம் என் ஃபோன் ஸ்கிரீன்ல தெரியல, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப்பாத்துட்டு மெதுவா நகர்ந்து உக்காந்தார். 2018ல பாரிஸ் பத்தக்லான் அரங்குல மெதின் ஷோ அறிவிச்சப்ப, 2015 தீவிரவாத தாக்குதல்ல 90 பேர் செத்த எடமாச்சேன்னு எதிர்ப்பு கிளம்பி வேற அரங்குக்கு மாத்துனாங்க. எதிர்த்ததுல வலதுசாரி அரசியல்வாதிகளும் உண்டு, பலியானவங்க குடும்பத்துல சிலரும் உண்டு, ரெண்டயும் ஒரே தட்டுல வெச்சு பாக்காதீங்க.

ஆரம்பிக்க நல்லது ஸ்வெட் ஷாப் பாய்ஸ்ங்கிற ராப் குழுவோட டி5 பாட்டு (2016). ஏர்போர்ட்டோட அஞ்சாவது டெர்மினல்தான் அந்த டி5. ஒரு தடவ சும்மா பீட்டுக்காக கேளுங்க, அப்புறம் லிரிக்ஸ் திறந்து வெச்சு கேளுங்க, அப்புறம் இத தெரிஞ்சுகிட்டு கேளுங்க: ராப் பண்ற ரிஸ் அகமது 2006ல, அமெரிக்காவோட குவாண்டனாமோ சிறை கைதிகள் பத்தின படத்துல நடிச்சு, பெர்லின் திரைப்பட விழாவுக்கு போயிட்டு திரும்புறப்ப இங்கிலாந்து லூட்டன் ஏர்போர்ட்ல அவர பிடிச்சு வெச்சு விசாரிச்சாங்க. கூட பாடுற ஹீம்ஸ் முஸ்லிமே கிடையாது, நியூயார்க் பஞ்சாபி இந்து, ஆனா செக்யூரிட்டி லைன்ல யார் அத கேக்கப் போறாங்க, தாடியும் நெறமும் போதும்!

அடுத்து அமெரிக்க ராப்பர் மோனா ஹைதரோட ஹிஜாபி பாட்டு (2017), எட்டு மாச வயித்தோட வீடியோல நிக்கிறாங்க. கமெண்ட்ஸ் பக்கம் மட்டும் போகாதீங்க, இந்த மாதிரி பாட்டுக்கு திட்டு ரெண்டு பக்கமும் வரும், முஸ்லிம்கள பிடிக்காதவங்களும் இருக்காங்க, இசையே ஹராம்னு சொல்ற முஸ்லிம்களும் இருக்காங்க. கேட் ஸ்டீவன்ஸ்ங்கிற பேர்ல பாடிட்டு முஸ்லிமா மாறின யூசுஃப் இஸ்லாமே 70கள் கடைசில பாட்ட விட்டுட்டு 2006லதான் பாப் ஆல்பத்தோட திரும்ப வந்தார்.

பிரெஞ்சு பாட்டுக்கு டிரான்ஸ்லேட் ஆப்ப நம்பாதீங்க, அங்க பசங்க வார்த்தைய திருப்பிப் போட்டு பேசுவாங்க. அராப்ங்கிறது பெர் ஆச்சு, அது டிக்ஷனரிலயே ஏறினதும் மறுபடி திருப்பி ரெபெ ஆக்கிட்டாங்க. புரியாத வார்த்தை வந்தா பின் பாதிய முன்னால வெச்சு படிச்சு பாருங்க, பாதி நேரம் அங்கயே மாட்டிடும்.