மூன்று ராடு வாங்கியும் ஒரே ராடு

தை மாதக் கடைசியில் மானூர்ப் பக்கத்துக் குளம் ஒன்றின் மறுகாலுக்கு அருகே நின்றுகொண்டிருந்தபோது, பாளையங்கோட்டையிலிருந்து பைக்கில் வந்திருந்த இரண்டு இளைஞர்களைக் கண்டேன். அவர்களிடம் மூன்று புது ராடுகள், அதாவது தூண்டில் கம்புகள், இருந்தன. மூன்றும் 7 அடி, மூன்றும் மீடியம் (நடுத்தர விறைப்பு), மூன்றிலும் தூண்டில் நரம்பைச் சுற்ற ஒரே அளவு ரீல். தாமரை இலைகளுக்கு நடுவே போட்ட ரப்பர் தவளையை விரால் ஒன்று தண்ணீர் தெறிக்கக் கவ்வியது. ராடு பாதிவரை வளைந்து நின்றது. மீனோ நிற்காமல் தண்டுகளுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டது. தவளையும் போயிற்று, மீனும் போயிற்று. உடனே அவர்கள் இரண்டாவது ராடை எடுத்தார்கள். அதைக் கொண்டு வேறு என்ன நடந்துவிடும் என்று எண்ணினார்களோ தெரியவில்லை. 12 ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் எண்ணினேன்.

சிறு தொகைக்குள் இரண்டு அல்லது மூன்று ராடுகளைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராடின் நுனியைக் கார்க் கதவில் நசுக்குவது, உப்புத் தண்ணீரில் போட்ட ரீலைக் கழுவாமல் வைப்பது போன்ற, ஒரு முறை பட்டதும் தானே திருந்திவிடும் தவறுகளை இங்கே சேர்க்கவில்லை.

ஒரே வேலைக்கு மூன்று ராடு

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். எரிச்சல் பிறர் மீது அல்ல.

நான் முதல் ராடை 1,800 ரூபாய்க்கு வாங்கியபோது, கடைக்காரர் "அண்ணாச்சி, இது எல்லா மீனுக்கும் ஆகும்" என்றார். 7 அடி, மீடியம். ஆறு மாதம் கழித்து ரீலோடு சேர்த்துத் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று இரண்டாவதை வாங்கினேன். அதுவும் 7 அடி, மீடியம். மூன்றாவதன் கைப்பிடி சிவப்பாக இருந்தது. அதைத் தவிர அதற்கும் முதலிரண்டுக்கும் வேறுபாடு எதுவும் இல்லை என்பதை வாங்கிய பிறகும் நான் உணரவில்லை. மூன்றையும் கரையில் சாய்த்து வைத்துவிட்டுப் பெருமையோடு உட்கார்ந்திருந்த ஒரு நாளில், பக்கத்தில் கம்பு போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அவற்றைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். "என்ன தம்பி, மூணும் ஒண்ணு போலல்லா இருக்கு?" என்றார். அவர் கொண்டுவந்திருந்தவை இரண்டே கம்புகள். ஒன்று விரல் தடிமன்கூட இல்லாத மெல்லிய மூங்கில். தக்கை கட்டி, நாங்கூழ் கோத்து, கெண்டைக்குப் போடுவது. மற்றொன்று கட்டையாக, விறைப்பாக, விராலுக்கென்றே வெட்டி வைத்தது. பவர், ஆக்‌ஷன் என்ற சொற்களை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் நான் 6,000 ரூபாய் செலவழித்தும் கற்றுக்கொள்ளாததை அவர் இரண்டு மூங்கிலில் வைத்திருந்தார்.

ராடின் கைப்பிடிக்குச் சற்று மேலே சிறு எழுத்தில் நான்கு செய்திகள் அச்சிடப்பட்டிருக்கும்: நீளம், பவர், பொருந்தும் நரம்பின் அளவு, வீசக்கூடிய லூரின் (செயற்கை இரையின்) எடை. புதிதாக வருபவர் முதல் இரண்டை மட்டும் பார்க்கிறார். தேர்வு செய்ய வேண்டியதோ நான்காவதைக் கொண்டு. பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பதைக் குறிக்கிறது; லைட், மீடியம், மீடியம் ஹெவி என்று விறைப்பு ஏறிக்கொண்டே போகும். ஆக்‌ஷன் என்பது அது எந்த இடத்தில் வளைகிறது என்பதைக் குறிக்கிறது. நுனிப்பகுதி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், நடுப்பகுதிவரை வளைந்தால் மாடரேட். இவற்றுக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது அளவுகோல் எதுவும் இல்லாததால், ஒருவருடைய மீடியம் இன்னொருவருடைய மீடியம் ஹெவி அளவுக்கு விறைப்பாக இருப்பதுண்டு. லூரின் எடை எண்ணாக எழுதப்பட்டிருப்பதால், இரண்டு ராடுகளின் விறைப்பை ஓரளவு நம்பிக்கையோடு ஒப்பிடுவதற்கு அதுவே அதிகம் கைகொடுக்கும். அந்த எடை அவுன்ஸில் இருந்தால், ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். கால் அவுன்ஸ் 7 கிராம்.

நம் கடைகளுக்கு வரும் ராடுகளில் பல, 'பாஸ்' மீனைக் கருதி வகுக்கப்பட்டவை. பாஸ் வட அமெரிக்க நன்னீர் மீன். தாமிரபரணியிலும் நம் குளங்களிலும் அது கிடையாது. ஆனாலும் பாசியோரத்தில் பதுங்கிக் கிடந்து தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து கவ்வும் குணத்தில் விரால் அதற்கு இணையானது என்பதால், அந்த ராடுகள் இங்கேயும் நன்றாகவே பயன்படுகின்றன. கொடுவாவையும் ஆங்கிலத்தில் ஒருவகை பாஸ் என்றே அழைப்பதால் சிலர் குழம்புகிறார்கள். அது கடலுக்கும் கழிமுகத்துக்கும் உரிய வேறு மீன்.

7 முதல் 21 கிராம் வரை என்று எழுதப்பட்ட மீடியம் ராடு, விரால் குளத்திலும் ஆற்றிலும் ஏன் தோற்கிறது என்பதைப் பார்ப்போம். வீசும்போது லூரின் எடைதான் ராடைப் பின்னோக்கி வளைக்கிறது. வளைந்த ராடு நிமிரும் விசையில்தான் லூர் பறக்கிறது. சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றில் தகடு சுழலும் 3 கிராம் ஸ்பின்னர் லூரைப் போட்டால், அந்த எடைக்கு மீடியம் ராடு அசைந்துகொடுப்பதே இல்லை. லூர் நான்கு பாகம் (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) தள்ளி விழுகிறது. குளத்திலோ சிக்கல் நேர்மாறானது. ரப்பர் தவளையின் இரண்டு தூண்டில் முட்களும் அதன் முதுகை ஒட்டியே இருப்பதால், விரால் தவளையின் உடலை நசுக்கிய பிறகு ராடை வெடுக்கென்று வெட்டி இழுத்தால்தான் அவை விராலின் கெட்டியான வாயில் ஏறும். ராடு தொளதொளவென்று வளைந்தால் அந்த வெட்டின் விசையெல்லாம் வளைவிலேயே கரைந்துவிடும். முள் ஏறிவிட்டாலும், ஒரு கிலோ விராலோடு இரண்டு கிலோ தாமரைத் தண்டையும் ஆகாயத்தாமரையையும் சேர்த்து இழுத்தாக வேண்டும். ஆக, என் மூன்று ராடுகளும் சேர்ந்து ஆற்றுக்கும் ஆகவில்லை, குளத்துக்கும் ஆகவில்லை.

ஆகவே கடைக்குப் போகும் முன், எந்த நீரில், எத்தனை கிராம் லூரை வீசப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டே ராடு என்றால், அவற்றின் கிராம் கணக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. குளத்துக்கு 10 முதல் 30 கிராம் வரை வீசும் 7 அடி மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். ஆற்றுக்கு 2 முதல் 8 கிராம் வரை வீசும் 6 அடி லைட். நெல்லைச் சீமையில் ஒருவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இவை போதும். கையில் ஏற்கெனவே ஒரு மீடியம் இருக்கிறது என்றால், அடுத்ததை வாங்கும் முன் எந்த மீனை, எதனால் இழந்தோம் என்று யோசியுங்கள். லூர் தூரம் போகாமல் இழந்திருந்தால் அதைவிட மெல்லியது வேண்டும், பாசிக்குள் இழந்திருந்தால் அதைவிட விறைப்பானது வேண்டும். இரண்டுக்கும் விடை இன்னொரு மீடியமாக இருக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் ஆகும் ஒரு ராடு

அப்படி ஒன்று கிடையாது.

மடக்கு ராடு

அம்பாசமுத்திரம் பேருந்தில் ஏறுவதற்கு வசதி என்பதற்காகவே பலர் குழாய்க்குள் குழாயாக மடங்கும் ராடை வாங்குகிறார்கள். அதன் ஒவ்வொரு இணைப்பும் ஒரு பலவீனமான இடம். நரம்பு ஓடும் வளையங்களும் இணைப்புகளின் முனைகளில்தான் அமைய முடியும் என்பதால் குறைவாகவே இருக்கும். பாரம் ஏறும்போது ராடு சீராக வளையாது. 7 அடி ராடு இரண்டு துண்டாக வந்தால் ஒவ்வொன்றும் மூன்றரை அடிதான். அது எந்தப் பேருந்திலும் ஏறும்.

பணம் முழுவதையும் ராடிலேயே கொட்டுவது

5,000 ரூபாய் கையில் இருந்தால் 4,500 ரூபாயை ராடுக்கும் ரீலுக்கும் கொடுத்துவிட்டு, மீதிக்குக் கிடைக்கும் மலிவான தங்கூஸை, அதாவது நைலான் நரம்பை, சுற்றிக்கொண்டு வருகிறார்கள். பாசிக்குள் மீனை இழுப்பது ராடு மட்டும் அல்ல, நரம்பும்தான். விராலுக்கு 40 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 18 கிலோ தாங்கும் பிரெய்டு (இழைகளைப் பின்னிய நரம்பு) வேண்டும். அதைவிட மெல்லியது தண்டில் உரசி அறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நைலான் இழுத்தால் நீளும். தூரத்தில் கவ்விய மீனை வெட்டும்போது அந்த நீட்சியே முள் ஏறாமல் செய்துவிடும். மொத்தத் தொகையில் கால் பங்கையாவது நரம்புக்கும் முள்ளுக்கும் லூருக்கும் ஒதுக்குங்கள். ராடில் 500 ரூபாய் குறைத்தால் மீனுக்குத் தெரியாது. நரம்பில் 200 ரூபாய் குறைத்தால் தெரியும்.

வளையங்களைத் தொட்டுப் பார்க்காமல் வாங்குவது

பிரெய்டு மலிவான உலோக வளையத்தில் நாளடைவில் கோடு விழச் செய்யும். அந்தக் கோடு பின்னர் பிரெய்டையே அறுக்கும். உள்ளே பீங்கான் வளையம் பதித்த ராடையே கேளுங்கள். பழைய ராடாக இருந்தால் சிறிது பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு இழை சிக்கினால் அந்த வளையத்தில் விரிசலோ கோடோ இருக்கிறது என்று பொருள். நுனி வளையத்தை இரண்டு முறை பாருங்கள். தேய்வது பெரும்பாலும் அங்கேதான்.

பெய்ட்காஸ்டிங் ஆசை

ராடின் மேல் பக்கம் மாட்டி, சுருளே சுழன்று நரம்பை விடும் பெய்ட்காஸ்டிங் ரீலுக்கு மூன்றாவது ராடு வரை பொறுத்திருங்கள்.

படத்தைப் பார்த்து வாங்குவது

காரையார் அணைப் பின்னணியில் யாரோ பெரிய மீனோடு நிற்கும் படத்தைப் பார்த்துவிட்டு, அதற்கென்று கனத்த ராடு வாங்கியவர் ஒருவரை அறிவேன். அந்த அணை இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். அங்கே மீன்பிடிக்க முடியாது. அந்த ராடு இப்போது அவர் வீட்டில் ஒட்டடை அடிக்கிறது. குளங்களிலும் மீன் குத்தகை எடுத்தவரிடம் கேட்ட பிறகே போடுங்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

கார்பனும் மின்கம்பியும்

குளத்துக் கரைகளை ஒட்டிப் பம்புசெட்டுகளுக்குப் போகும் கம்பிகள் பல இடங்களில் தாழ்ந்து தொங்குகின்றன. ராடு கார்பனால் ஆனது என்றால் அது மின்சாரத்தைக் கடத்தும். இடம் மாறும்போது ராடை நிமிர்த்திப் பிடித்து நடக்காதீர்கள். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிடுங்கள். ஈயம் கட்டித் தரையில் போட மட்டுமே கம்பு வேண்டும் என்றால் கண்ணாடியிழை ராடு மலிவானது, எளிதில் ஒடியவும் ஒடியாது.

மூன்றாவது ராடு

முதல் இரண்டும் பழகிய பிறகு புன்னைக்காயல் பக்கம் போக ஆசை வரும். அங்கே கழிமுகத்தில் கொடுவாவுக்கு 10 முதல் 20 கிராம் வரையுள்ள மீன் வடிவ லூரை வீச வேண்டும். இந்த லூரில் தொங்கும் மும்முட்கள் சிறியவை, கூர்மையானவை. அவற்றைத் தவளைக்கு வெட்டுவது போல் வெட்டினால் வாய் கிழிந்து மீன் கழன்றுவிடும். நுனி சற்றே இளகிக்கொடுத்தால்தான் முள் நிற்கும். குளத்து ராடின் கிராம் கணக்கோடு இது ஓரளவு ஒத்துப்போனாலும், வேலை வேறு. ஆகவே மூன்றாவதாக 7 அடி மீடியம் ஒன்று வாங்கலாம்.

ஆம், மீடியம்தான். நான் முதலில் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கிய ராடு, ஆறு ஆண்டுகள் மூலையில் கிடந்த பிறகு, அங்கேதான் தன் வேலையைக் கண்டது. இரண்டாவதைப் பாதி விலைக்கு விற்றுவிட்டேன். சிவப்புக் கைப்பிடி போட்டதை யாரும் வாங்காததால், அது அக்கா வீட்டுக் கொல்லையில் அவரைக் கொடியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.