ஜன்னலோரம் ஒரு நோட்டு: வீட்டைச் சுற்றியுள்ள உயிர்களைக் கவனிக்கத் தொடங்குவது எப்படி?

இரண்டு வாரம் ஒரு பெண் குயிலைப் "பருந்துக் குஞ்சு" என்று நோட்டில் எழுதி வந்தேன். மேலே பழுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள், வயிற்றில் வரி வரியாகக் கோடு, சிவந்த கண். குயில் என்றால் கறுப்பு என்று மட்டுமே தெரிந்த எனக்கு, இது பருந்து தவிர வேறெதுவாகவும் தோன்றவில்லை. தப்பைக் காட்டிக் கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, என் நோட்டில் இருந்த இரண்டு வரிகள்தான்: "பழம் தின்கிறது", "காக்கை துரத்துகிறது". பழம் தின்னும் பருந்து ஏது? கொஞ்சம் விசாரித்த பிறகுதான் ஆண் குயில் மட்டுமே கறுப்பு என்பது புரிந்தது.

பெயர் தப்பாகப் போனாலும், அது என்ன செய்தது என்று எழுதி வைத்திருந்தால் பின்னால் திருத்திக்கொள்ளலாம். இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு பழக்கத்தைப் பற்றித்தான். பைனாகுலர், விலையுயர்ந்த கேமரா, உயிரியல் பட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, தினமும் 15 நிமிடம் போதும்.

படி 1: இரண்டே இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்று வீட்டுக்குள்: ஜன்னல், பால்கனி, மொட்டைமாடி, கொல்லைப்புற வாசல், எதுவானாலும் சரி. இன்னொன்று வெளியே: நீங்கள் ஏற்கெனவே நடக்கும் பாதையில் அரைக் கிலோமீட்டர். மரமோ புதரோ தண்ணீரோ ஏதாவது ஒன்று அதில் இருந்தால் நல்லது. கால்வாய்க் கரையும் காலி மனையும்கூடத் தாராளமாகப் போதும். காலி மனையைக் குறைத்து எடை போடாதீர்கள், பூங்காவைவிட அங்கே பூச்சிகள் அதிகமாக இருப்பதும் உண்டு.

புதுப்புது இடமாகப் போகும் ஆசை வரும். முதல் மாதம் அதை அடக்கிக்கொள்ளுங்கள். வழக்கமாக என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே புதிதாக வந்தது கண்ணில் படும்?

படி 2: நோட்டில் என்ன எழுதுவது?

தேதி, நேரம், இடம், வானிலை. அப்புறம் என்ன பார்த்தீர்கள், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. ஒரு நாள் பதிவு இப்படி இருக்கலாம்:

"காலை 6.40. ஜன்னல். மேகமூட்டம், காற்றில்லை. தவிட்டுக்குருவி 7, தரையில் சருகைக் கிளறுகின்றன, ஒன்று மட்டும் மேலே கிளையில் காவல். அணில் 2, ஒன்று வாயில் நார். பெயர் தெரியாத சிறு பறவை 1, வாலைத் தூக்கித் தூக்கி இலைகளுக்குள் ஓடுகிறது, உடம்பைவிடக் குரல் பெரிது."

கடைசி வரியைப் பாருங்கள். பெயர் இல்லை, ஆனால் பறவை தெரிந்த எவரிடம் காட்டினாலும் "தையல்சிட்டாக இருக்கும்" என்பார். இலையின் ஓரங்களைச் சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்துக் கூடு கட்டுமே, அதேதான்.

எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். கூட்டமாக இருந்தால் "சுமார் 30" என்றாவது எழுதுங்கள். "நிறைய" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அர்த்தம் புரியாது.

படி 3: 15 நிமிடம் சும்மா இருங்கள்

கஷ்டமான படி இதுதான். நீங்கள் வந்து நின்றதும் பக்கத்தில் இருப்பவை எல்லாம் ஒதுங்கிவிடும். ஐந்தாறு நிமிடம் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். அதனால் முதல் ஐந்து நிமிடத்தில் பார்த்ததை வைத்து "இங்கே ஒன்றுமில்லை" என்று எழுந்துவிடக் கூடாது.

சூரியன் உதித்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம் பறவைகளுக்கு. வெயில் ஏறிய பிறகு பட்டாம்பூச்சி, தட்டான், ஓணான், அரணை. அந்தி சாயும்போது வௌவால், ஆந்தை. ஆக, காலையில் எழ முடியாதவர்களுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது.

மழை விட்டதும் ஈசல் கிளம்பினால் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிடுங்கள். காக்கை, மைனா, கரிச்சான் எல்லாம் ஒரே இடத்தில் கூடும். இரட்டைவால் கரிச்சான் காற்றிலேயே மடங்கித் திரும்பிப் பிடிப்பதையும், காக்கை தரையில் நடந்து நடந்து பொறுக்குவதையும் ஒரே பார்வையில் காணலாம். இருட்டிய பிறகு மிச்சத்தைத் தேரையும் பல்லியும் பார்த்துக்கொள்ளும்.

படி 4: பெயருக்கு முன்னால் ஐந்து கேள்விகள்

எவ்வளவு பெரியது? சென்டிமீட்டர் வேண்டாம்; குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலகு எப்படி? தடித்துக் குட்டையாக இருந்தால் விதை தின்பது, மெலிந்து வளைந்திருந்தால் தேன்சிட்டு போல் பூவுக்குள் நுழைவது, கொக்கிபோல் இருந்தால் சதையைக் கிழிப்பது. வால் எப்படி? தரையில் எப்படிப் போகிறது? மைனா நடக்கும், சிட்டுக்குருவி தத்தும். எங்கே இருந்தது, தரையிலா, புதருக்குள்ளா, மர உச்சியிலா?

நிறத்தை நான் வேண்டுமென்றே கேட்கவில்லை. நிறம் ஏமாற்றும். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான். குருட்டுக்கொக்கு உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், பக்கத்தில் போனால்கூடத் தெரியாது. எழுந்து பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. புதிதாகப் பார்ப்பவர்கள் இதை இரண்டு பறவையாக எழுதிவிடுவார்கள். ஓணானும் அப்படித்தான், இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தோளும் சிவந்துவிடும்.

வானத்தில் வட்டமிடுவதற்கு வாலைப் பாருங்கள். வால் நுனி நடுவில் உள்வாங்கி மீன்வால் போல் இருந்தால் கரும்பருந்து. வட்டமாக இருந்து, உடல் செங்கல் நிறம், தலையும் மார்பும் வெள்ளை என்றால் செம்பருந்து, கருடன் என்று சொல்வது அதைத்தான். கரும்பருந்து வாலை முழுக்க விரித்தால் அந்தப் பள்ளம் மறைந்துபோகும், அதனால் ஒரு சுற்று பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

தமிழ்ப் பெயர் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் வீட்டில் என்ன சொல்வார்களோ அதையே எழுதுங்கள். பிறகு உறுதியானதும் பக்கத்தில் அறிவியல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். சிட்டுக்குருவிக்குப் பாஸ்ஸர் டொமெஸ்டிகஸ் என்ற பெயர் உலகம் முழுக்க அதேதான்.

படி 5: காதைத் திறந்து வையுங்கள்

அணில் வாலை வெட்டி வெட்டி "கீச், கீச்" என்று ஒரே தாளத்தில் நிறுத்தாமல் கத்தினால், அது உங்களைப் பார்த்துக் கத்துகிறதா என்று முதலில் கவனியுங்கள். இல்லையென்றால் அது பார்க்கும் திசையைப் பாருங்கள். பூனை, பாம்பு, வல்லூறு, கீரி, ஏதோ ஒன்று இருக்கும். மைனாவும் கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவியும் சேர்ந்து ஒரு புதரைச் சுற்றிக் கூச்சலிட்டாலும் இதே கதைதான். நான் பார்த்த பாம்புகளில் பாதியை இப்படி வேறு யாரோ காட்டிக் கொடுத்துத்தான் பார்த்தேன்.

படி 6: கண்ணைச் சுவருக்கும் மண்ணுக்கும் இறக்குங்கள்

பறவைகளோடு நின்றுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான். ஒரு மழை நாளில் வெளியே போகவே முடியாதவருக்கும் சுவர் இருக்கிறது.

சுவர் மூலையில் மண் கூடு இருந்தால் அதைக் கட்டிய குளவி என்ன சுமந்து வருகிறது என்று பாருங்கள். சில வகைகள் புழுவைக் கொண்டுவரும், சில சிலந்தியை. கொட்டி மரக்கச் செய்து, உயிரோடு உள்ளே வைத்து, முட்டையிட்டு மூடிவிடும். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் அந்தப் புழு உள்ளே பிறக்கும் குளவிக் குஞ்சுக்குக் கட்டுச்சோறு.

ஜன்னல் விளிம்பில் குட்டையான சிலந்தி ஒன்று வலை இல்லாமல் திரிந்தால் மெல்ல விரலைப் பக்கத்தில் நீட்டுங்கள். சட்டென்று திரும்பி உங்களைப் பார்த்தால் அது தாவும் சிலந்தி. எட்டுக் கண்களில் முன்னால் உள்ள இரண்டும் பெரியவை.

தொட்டியில் எலுமிச்சைச் செடி இருந்தால் இலைமேல் பறவை எச்சம் போல் கிடப்பதை உற்றுப் பாருங்கள். நகர்ந்தால் அது எலுமிச்சை அழகி என்னும் பட்டாம்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் எச்ச வேஷம் கலைந்து பச்சையாகிவிடும். மழை படாத காய்ந்த புழுதியில் புனல் போன்ற சிறு குழிகள் தெரிந்தால், அடியில் குழியானை காத்திருக்கிறது. சறுக்கி விழும் எறும்புதான் அதன் சாப்பாடு.

எச்சங்களும் பதிவுதான், முகம் சுளிக்க வேண்டாம். அலமாரிப் பின்னால் கறுப்பாகக் கிடப்பதன் ஒரு நுனியில் வெள்ளை இருந்தால் பல்லி, வெள்ளையே இல்லையென்றால் எலியாக இருக்கலாம். அந்த வெள்ளை யூரிக் அமிலம், பறவை எச்சத்தில் இருப்பதும் அதுவே. மரத்தடியில் மயிரும் எலும்பும் கலந்த உருண்டை கிடந்தால் அண்ணாந்து பாருங்கள். ஆந்தை செரிக்காததை அப்படித்தான் கக்கும்.

இரவில் ஒரு சோதனை: டார்ச்சை நெற்றியருகே, கண் மட்டத்தில் பிடித்துப் புல்வெளியில் அடியுங்கள். பனித்துளி போல் அங்கங்கே மின்னும். ஒரு மின்னலை நோக்கிப் போனால் அது ஓநாய்ச் சிலந்தியின் கண்ணாக இருக்கும். முதன்முதலாகச் செய்து பார்த்த இரவு எத்தனை என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

படி 7: நடக்கும்போது

வேகத்தைப் பாதியாக்குங்கள். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி திசையைத் தேர்ந்தெடுங்கள். எதையாவது பார்த்தால் நேராக அதை நோக்கிப் போகாமல், கடந்து போகிறவர் போலச் சாய்வாகப் போங்கள். முறைத்துக்கொண்டே நெருங்கும் ஆளைக் கண்டால் நாமும்தான் நகர்வோம்.

பைனாகுலர் வாங்கும் ஆசை ஓரிரு மாதம் கழித்தும் இருந்தால் வாங்கலாம். 8x42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். 12 மடங்கு, 16 மடங்கு என்று போகாதீர்கள், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

படி 8: போன் உதவட்டும், முடிவு உங்களுடையது

தூரத்துப் பறவையை ஜூம் செய்து எடுத்தால் கட்டம் கட்டமாகத்தான் வரும். போன் கேமரா பூச்சிக்கும் செடிக்கும் நன்றாக உதவும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அது உட்கார்ந்திருந்த செடி ஒன்று என மூன்று படம் எடுங்கள். பறவைக்குக் குரலைப் பதிவு செய்யுங்கள்.

2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் எந்த உயிரின் படத்தையும் ஏற்றினால் மற்றவர்கள் அடையாளம் சொல்வார்கள். பறவைப் பட்டியலுக்கு 2002 முதல் இயங்கும் இபேர்ட். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்ல மெர்லின் செயலி. அது சொல்லும் பெயரை நேரே நோட்டில் எழுதாமல், "மெர்லின் சொன்னது" என்று பென்சிலில் எழுதுங்கள், கண்ணால் பார்த்த பிறகு பேனாவில். வீட்டிலிருந்து பதிவிடும்போது சரியான இருப்பிடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். கூடுகளின் படத்தை இருப்பிடத்தோடு போடவே போடாதீர்கள்.

படி 9: செய்யக் கூடாதவை

பாம்பைக் கண்டால் நில்லுங்கள், பின்வாங்குங்கள், அதற்கு வழி விடுங்கள். படம் எடுக்க நெருங்க வேண்டாம். தரையில் கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள், ரேபீஸ் அபாயம் உண்டு. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று அது தன் வேலையை விட்டுவிட்டு அலையும்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தாயும் தந்தையும் பக்கத்திலேயே இருக்கும். பூனை வரும் இடமென்றால் அருகிலுள்ள புதரில் எடுத்து வைத்துவிட்டு விலகுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை. தண்ணீர் வைப்பதானால் ஆழமில்லாத தட்டில், நடுவே தேனீ உட்கார ஒரு கல் போட்டு, தினமும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் கொசுதான் முதல் விருந்தாளி.

படி 10: ஒரு மாதம் கழித்து நோட்டைப் படியுங்கள்

தனித்தனி வரியாக எழுதியவை அப்போதுதான் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும். என் நோட்டில் இருந்த வரிகள் இவை, வெவ்வேறு வாரங்களில் எழுதியவை: "காக்கை வாயில் குச்சி." "ஆண் குயில் விடாமல் கூவுகிறது, காக்கை இரண்டும் அதைத் துரத்திப் போகின்றன." "பருந்துக் குஞ்சு (பிறகு கோடு போட்டு அடித்துவிட்டேன்), பெண் குயில், காக்கைக் கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் அசையாமல்." ஆணைத் துரத்தக் காக்கைகள் போன நேரத்தில் பெண் உள்ளே புகுந்துவிடும் என்றும், குயில் முட்டை காக்கை முட்டைக்கு முன்பே பொரிந்துவிடும் என்றும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு அடுத்த பக்கத்தில், தேதிக்குக் கீழே, ஒரே ஒரு வரி: "காக்கை ஊட்டுகிறது. வாயைப் பிளக்கும் குஞ்சின் குரல் காக்கைக் குரல் இல்லை."