இடது காதில் ரீங்காரம்

பள்ளி விட்டு வீடு வந்தால் இடது காதில் ரீங்காரம் ஓயாது. நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்; 42 பிள்ளைகள், தகரக் கூரை. கேள்திறன் சோதனையில் நிரந்தரப் பாதிப்பு இல்லை என்று தெரிந்தது. இப்படியே விடக் கூடாது என்றார் மருத்துவர்.

வகுப்பின் இரைச்சலைக் கைப்பேசியில் அளந்தேன். எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கும்போதே 58 டெசிபல்! உலக சுகாதார நிறுவனம் வகுப்பறையின் பின்னணி இரைச்சலுக்குச் சொல்லும் அளவு 35.

கூர்ந்து கேட்டால், பாதிச் சத்தம் பிள்ளைகளுடையதே அல்ல. இரும்புக் கால் பெஞ்சுகள் சிமென்ட் தரையில் இழுபடும் கிறீச்சொலி. பாவம், அவர்களைத்தான் அதட்டிக்கொண்டிருந்தேன். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒவ்வொரு பெஞ்சுக் காலிலும் இறுக்கிக் கட்டினேன். பின்சுவரில் சணல் சாக்குகளைத் தொங்கவிட்டதும் எதிரொலி அடங்கியது. இப்போது கத்துவதில்லை, கையை உயர்த்துகிறேன். பார்த்த பிள்ளைகளும் உயர்த்த, வகுப்பு அமைதியாகிறது.

மூன்று வாரத்தில் ரீங்காரம் குறைந்தது. மழை தகரத்தில் அறையும் நாளில் மட்டும் எழுத்து வேலை கொடுத்துவிடுகிறேன்.