கீமோ நாட்களில் அம்மாவை நடக்கவைத்த விதம்

யாங்கோனில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மார்பகப் புற்றுநோய்க்காக அம்மாவுக்கு மூன்று வாரத்துக்கொரு முறை கீமோ. முதல் மருந்து ஏறிய வாரம், "டாக்டரே நடக்கச் சொல்லிட்டார், எழுந்திரும்மா" என்று விரட்டினேன். "உடம்புல உசிரே இல்ல, நீ வேற ஏண்டி?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்படி விரட்டியது தப்பு. மறுநாள் பேசாமல் கையை மட்டும் நீட்டினேன். கூடத்திலிருந்து வாசல்வரை, ஐந்து நிமிடம் இருவரும் நடந்தோம். அன்றைக்கு அவ்வளவுதான்.

"படுத்தால்தானே களைப்பு போகும்?" என்று கேட்பார்கள். படுத்தே கிடந்தால் தசை கரையும், களைப்பு கூடும். சிகிச்சை நடக்கும்போதே உடற்பயிற்சி செய்யலாம் என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2022-ல் பரிந்துரைத்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், 30 நிமிடம் என்பது போய்ச் சேரவேண்டிய இடம். அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம்.

முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். எலும்புக்குப் பரவியிருந்தாலோ, இதயக் கோளாறு இருந்தாலோ, ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ அவர் சொல்வதே அளவு.

வேகத்துக்கு என் அளவுகோல் அம்மாவின் பேச்சுதான். தட்டோன் பக்கத்து வயலில் நாற்று நட்ட கதையைச் சொல்லிக்கொண்டே நடப்பாள். கதை தடையில்லாமல் வந்தால் வேகம் சரி. சொல் பாதியில் நின்று மூச்சு வாங்கினால் நானே நடையைக் குறைப்பேன். நடக்கப் பிடிக்காத நாளில் நாற்காலியிலிருந்து எட்டு முறை எழுந்து உட்காரச் சொல்வேன். அதுவும் கணக்கில் சேரும்.

பாக்ளிடாக்செல் என்ற கீமோ மருந்து தொடங்கியதும் கால்விரல்கள் மரத்துப்போயின. நம்மூர் நடைபாதையில் கல் எங்கே பெயர்ந்திருக்கும் என்று தெரியாது, மழைக்காலத்தில் பாசி வேறு. அதனால் வீட்டுக்குள்ளேயே நடந்தோம், பட்டைச் செருப்புக்குப் பதில் காலைப் பிடிக்கும் ஷூ போட்டு.

மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை, தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் குறையலாம். அப்போது சந்தை, கோயில் கூட்டம் எதுவும் வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் பேசுங்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் வந்தாலும் நடையை அங்கேயே நிறுத்துங்கள்.

மூன்றாம் வாரம் தெம்பு திரும்பும். அப்போதுதான் படியிறங்குவோம். கீழ்வீட்டாரைக் கேட்டு மாடித் திருப்பங்களில் முக்காலி போட்டு வைத்திருக்கிறேன். ஏறும்போது ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, கதையின் மிச்சத்தைச் சொல்லிவிட்டுத்தான் எழுவாள்.