பூர்வகுடிச் சுகாதார ஆய்வின் ஆளுகையை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சமூகங்கள் முன்னின்று நடத்தும் சுகாதார ஆய்வுகளின் ஆளுகையை, அதாவது அவற்றில் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை, மதிப்பிடப் புதிதாக வருபவர்களின் வரைவுகளைப் படித்தால், என் பழைய அறிக்கைகளையே மீண்டும் படிப்பது போலிருக்கிறது. ஒப்புதல் படிவத்தை மறப்பது போன்ற பிழைகளை நெறிமுறைக் குழுவே பிடித்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வருகைப் பதிவை அதிகாரம் என்று எண்ணுவது

என் முதல் மதிப்பீட்டில், ஒரு திட்டத்தின் சமூக ஆளுகைக் குழு கூடிய 11 கூட்டங்களின் குறிப்புகளையும் படித்தேன். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பூர்வகுடியினர். தீர்மானங்கள் எல்லாம் ஒருமனதாக நிறைவேறியிருந்தன. ஆகவே ‘வலுவான ஆளுகை’ என்று எழுதி அனுப்பினேன். குழுவின் மூத்த பெண்மணி (அங்கேயும் ‘ஆன்ட்டி’ என்பது மரியாதைச் சொல்தான்) வரைவைப் புரட்டிவிட்டு, “நாங்கள் எதை மாற்றினோம் என்று இதில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

திரும்பத் தேடியபோது, குழு முதன்முறை கூடுவதற்கு முன்பே நிதி ஒதுக்கீடு முடிந்திருந்ததும், ஆவணங்கள் எப்போதும் முந்தைய நாள் இரவில்தான் உறுப்பினர்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் தெரியவந்தன. இரத்த மாதிரிகளை வேறு மாநிலத்துக்கு அனுப்பக் கூடாது என்று ஒருவர் எழுப்பிய மறுப்பு ‘கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது’ என்ற ஒரே வரியில் அடங்கியிருந்தது. மறுவாரமே மாதிரிகள் போய்விட்டன. நான் அறிக்கையைத் திருத்தி முடிப்பதற்குள், பழைய வரைவின் ‘வலுவான ஆளுகை’ என்ற இரண்டு சொற்களைக் காட்டி, அதே அமைப்பு முறைக்கே அடுத்த கட்ட நிதியையும் திட்டத்தை நடத்தியவர்கள் பெற்றுவிட்டார்கள். இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

எனவே கூட்டக் குறிப்புகளை எண்ணாமல், குழு எதை மறுத்தது, மறுத்த பிறகு என்ன நடந்தது, காசோலையில் கையெழுத்திடுபவர் யார், ஒரு கட்டுரையை வெளியிடாமல் நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று உறுப்பினர்களிடமே கேளுங்கள். பூர்வகுடிச் சுகாதார ஆய்வுகளின் தரத்தை மதிப்பிட 2020இல் வெளியான, 14 கேள்விகள் கொண்ட கருவியும், ஆய்வின் தேவையைச் சமூகமே தீர்மானித்ததா என்றுதான் தொடங்குகிறது. அதற்கு ‘ஆம்’ என்பதை நிதி விண்ணப்பத்தைப் பார்த்து நிரப்பக் கூடாது.

ஆறு விழுமியங்களுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுவது

ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வுக் கவுன்சில் பூர்வகுடியினருடனான ஆய்வுக்கு வெளியிட்ட 2018 நெறிமுறை வழிகாட்டுதல்கள் ஆறு விழுமியங்களை முன்வைக்கின்றன. அவற்றில், ஆன்ம உணர்வும் நேர்மையும் சேர்ந்த விழுமியம் மற்ற ஐந்தையும் பிணைக்கும் மையமாக வைக்கப்பட்டுள்ளது. அதையும் ஆறில் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுப்பவர்கள் வழிகாட்டுதலைப் படிக்கவில்லை.

துக்க நாட்களில் நேர்காணல் வைப்பது

வைக்காதீர்கள்.

நம் ஒலிப்பதிவுகளை நமக்கே உரியவை என்று நினைப்பது

ஆய்வுத் தரவு யாருடையது என்று பக்கம் பக்கமாக எழுதிய நான், மதிப்பீட்டுக்காக எடுத்த நேர்காணல் பதிவுகளை ஆறு ஆண்டுகள் என் அலமாரியிலேயே வைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கப் போனபோது, பேசியவர்களில் இருவர் இறந்துவிட்டிருந்தார்கள். இறந்தவரின் குரலைக் கேட்கக் குடும்பத்தின் அனுமதி வேண்டும் என்பதால், அந்த இரண்டு பதிவுகளும் இன்னும் உறை பிரிக்கப்படாமலே இருக்கின்றன.